டல்வா தடை செய்த சொல்

டல்வா என்று நாங்கள் கூப்பிடும் டல்வனீராவைக் கடையில் மட்டும் பார்த்தவர்களிடம், அவர் முப்பத்தோராயிரம் பேருக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். போர்ச்சுகலின் ப்ராகா நகரில் ஒரு பேரங்காடியின் அடித்தளத்தில் பேன்ட்டைக் குட்டையாக்கி, ஜிப் மாற்றித் தரும் கடை அவருடையது. தையல் மெஷினைத் திட்டுவார். ஜிப்பைத் திட்டுவார். வாடிக்கையாளர் அந்தப் பக்கம் திரும்பினால் அவருடைய இடுப்பையும் திட்டுவார். போர்ச்சுகலுக்குக் குடியேறிய எங்கள் பிரேசில்காரர்கள் விசா, குடியிருப்பு அட்டை பற்றிச் சந்தேகம் கேட்கும் இணையக் குழுவுக்கும் அவர்தான் அட்மின். அங்கே அவர் எழுதுவதைப் படித்தால் கன்னிமாடத்தில் வளர்ந்தவர் என்றே தோன்றும்.

மூன்று வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டுத் திரும்பிய நான் அவர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் காபியோடு உட்கார்ந்து அவர் பதில் எழுதுவதைப் பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. வாய், "ஏன்டா தடியா, பாஸ்போர்ட் முடிஞ்சு ஆறு மாசமாச்சு, இப்பதான் முழிச்சியா?" என்று கேட்கும். விரல், "வணக்கம் நண்பரே, முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்" என்று எழுதும்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் வந்து இறங்கியபோது, வரி எண் எங்கே வாங்குவது என்று வேறொரு குழுவில் கேட்டிருக்கிறார். பதினேழு பதில்கள். பதினைந்து பேர் தேடிப் பார்க்கத் தெரியாதா என்றார்கள். ஒருவர் காப்பீடு விற்கப் பார்த்தார். கடைசி ஆள் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். அந்த வாரமே டல்வா தனிக் குழு ஆரம்பித்தார். வணக்கம் சொல்லிக் கேட்க வேண்டும், கடைசியில் பெயர் போட வேண்டும். 'இதை ஏற்கெனவே கேட்டாச்சு' என்று யாரும் யாரையும் விரட்டக் கூடாது.

பிறகு வந்ததுதான் பூத் தடை.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரை மட்டம் தட்ட வசவு தேவையில்லை. வாக்கியத்தின் கடைசியில் 'ஃப்ளோர்', அதாவது பூ, என்று ஒரு சொல்லைச் செருகினால் போதும். "இதுகூடத் தெரியாதா, ஃப்ளோர்?" என்று கேட்கப்பட்டவர் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். இந்தக் கலையில் கைதேர்ந்தவர் எவால்டோ. அறுபது வயது, ஊரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். சட்டத்தின் உட்பிரிவு வரை மனப்பாடம். பதில் எப்போதும் சரி, கடைசியில் எப்போதும் ஒரு பூ. டல்வா மூன்று முறை எச்சரித்தார். பிறகு அவரைப் பதினைந்து நாள் வெளியே நிறுத்தினார். போதாக்குறைக்கு, அந்தச் சொல் உள்ள எந்தப் பதிவும் தானாக மறைந்துவிடும்படி குழுவில் ஏற்பாடு செய்தார்.

"இப்ப பாரு, குழு எவ்ளோ அமைதியா இருக்கு!" என்று என்னிடம் பெருமைப்பட்டார்.

அமைதி பன்னிரண்டாம் நாள் காலையில் கலைந்தது. வணக்கமும் இல்லாமல் பெயரும் இல்லாமல் ஒரு பதிவு:

"இங்க எல்லாரும் செத்துட்டீங்களா? நாலு தடவை கேட்டாச்சு. நாளைக்குத்தான் கடைசி நாள். உங்களுக்கெல்லாம் வெட்கமே இல்லையா?"

அழிக்கப் போன டல்வாவின் விரல் நின்றது. "நாலு தடவையா? நான் ஒண்ணுகூடப் பார்க்கலையே." மறைக்கப்பட்ட பதிவுகளின் பெட்டியைத் திறந்தார். நான்கும் அங்கே இருந்தன. ஒவ்வொன்றிலும் அழகான வணக்கம், தெளிவான கேள்வி, முன்கூட்டியே நன்றி. கடைசியில், விதிப்படி, பெயர்: ஃப்ளோர்.

"அக்கா, அது அந்தப் பொண்ணோட பேரு" என்றேன்.

"தெரியுதுடி. வாயை மூடு."

ஃப்ளோர் ரொட்டிக் கடையில் வேலை செய்பவர். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க முகவரிச் சான்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நாளை மாலைக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் செல்லாது, வேலையும் போகும். வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தர மறுக்கிறார். ஒப்பந்தம் இல்லாமல் சான்று வாங்க வழி உண்டா? டல்வாவுக்குத் தெரியவில்லை. மற்ற அட்மின்களுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டல்வா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எவால்டோவை அழைத்தார்.

"யாரு?"

"டல்வா பேசறேன்."

"எந்த டல்வா? என்னைப் பதினஞ்சு நாள் வீட்ல உக்கார வெச்ச டல்வாவா?"

"அதே டல்வாதான். ஒரு சந்தேகம்."

"வணக்கம் சொல்லிட்டுக் கேக்கணும்னு விதி இருக்குங்களே."

டல்வா வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தில் இருந்த வசவை எந்த ஏற்பாட்டாலும் கண்டுபிடித்து மறைக்க முடியாது. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"இது ரொம்ப சுலபம், ஃப்..." எவால்டோ நிறுத்தினார். "சொல்லலாமா?"

"சொல்லித் தொலைங்க."

"ரொம்ப சுலபம், ஃப்ளோர். அதே பேட்டைல ஓட்டு இருக்கற ரெண்டு பேர், இந்தப் பொண்ணு இங்கதான் குடியிருக்குன்னு வார்டு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா சான்று தருவாங்க. எந்தப் பேட்டை?"

"மாக்சிமினோஸ். நம்ம பேட்டை."

பிரேசில்காரர்களுக்கும் இங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு; அந்தப் பேட்டையில் இவர்கள் இருவருக்குமே இருந்தது.

"காலைல ஒம்பது மணிக்கு," என்றார் எவால்டோ. "ஆனா பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

சொன்னபடியே எவால்டோ, மறுநாள் காலை டல்வாவோடு ஃப்ளோரின் அறைக்குப் போய் அலமாரியைப் பார்த்தார், பக்கத்து வீட்டில் விசாரித்தார், குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "டூத் பிரஷ் ஈரமா இருக்கு. இங்கதான் குடியிருக்காங்க" என்று அறிவித்தார். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் திறக்கும் வார்டு அலுவலக வரிசையில் முத்திரை கிடைக்கும் வரை இரண்டரை மணி நேரம் நின்றார்கள். குழுவை எப்படி நடத்த வேண்டும் என்று அவரும், வாயை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று டல்வாவும் முறை வைத்துப் பேசினார்கள். நடுவில் நின்ற ஃப்ளோர் முத்திரை விழும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தபால் நிலையம் மூட எட்டு நிமிடம் இருக்கும்போது பதிவுத் தபால் போனது. ரசீதைப் பத்திரப்படுத்திய பிறகுதான் ஃப்ளோர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் அக்கா. நாலு தடவை மரியாதையா கேட்டேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. அஞ்சாவது தடவை கத்தினேன், ரெண்டு பேர் வீட்டுக்கே வந்துட்டீங்க. இதுலேர்ந்து நான் என்ன கத்துக்கணும்?"

"ஒண்ணும் கத்துக்காதீங்கம்மா," என்றார் டல்வா. "தப்பு என்னோடது."

"சட்டப்படி பார்த்தா..." என்று எவால்டோ ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததும், சட்டம் அங்கேயே முடிந்தது.

ஆறு வாரம் கழித்து ஃப்ளோருக்கு அட்டை வந்தது. டல்வா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தபால் போன அன்று மாலையே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, தடையை எடுத்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் பதினான்கு பூக்கள் பூத்தன. இப்போது ஒவ்வொன்றாகப் படிக்கிறார், ஆளின் பெயரா, குத்தலா என்று பார்த்துக் கையாலேயே கிள்ளுகிறார். படிக்கும்போது அவர் வாய் சொல்வதை நான் இங்கே எழுத முடியாது.