மனைவிக்குக் கேட்ட வசனம்

எனக்குச் சோறு போடுவது என் காதுதான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, டவுனில் இருக்கும் ஓட்டல்களுக்கு மீன் கொடுக்கிறேன். ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டிச் சத்தம், பக்கத்துக் குவியலின் ஏலம், இத்தனைக்கும் நடுவில் நம்முடைய விலையை மட்டும் பிடிக்க வேண்டும். தப்பாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டால் அந்த மீன் நம் தலையில்தான்.

அதனால் வீட்டுக்குப் புது டிவி வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நெட்டில் வருகிற தொடர்களைச் சாயங்காலத்தில் நானும் என் மனைவியும் பார்ப்போம். படம் அவ்வளவு சுத்தம். நடிகர் மூக்கில் வேர்த்திருப்பதுகூடத் தெரியும். அவர் பேசுவதுதான் கேட்காது. சத்தத்தை ஏற்றினால் அந்த நேரம் பார்த்து யாராவது கதவைச் சாத்துவார்கள், வீடே அதிரும். குறைத்தால் மறுபடியும் முணுமுணுப்பு. என் மனைவியோ சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். அப்படியென்றால் கேட்காதது எனக்கு மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை விட்டால் வேறு வேலை தெரியாது. ஏலத்தில் எல்லாம் கேட்கத்தான் செய்தது. ஆனால் இன்றைக்குக் கேட்டது நாளைக்குக் கேட்குமா? ஏலக்காரரை ஒட்டிப்போய் நிற்க ஆரம்பித்தேன்.

"இன்னா மச்சான், மீன் எடுக்க வந்தியா, என் சட்டைய எடுக்க வந்தியா?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் நன்றாகவே கேட்டது.

காதைக் காட்டலாம் என்று ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் போனேன். என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம் தாங்க முடியாமல் மனைவியிடம் கேட்டேன்.

"இப்ப அவன் இன்னா சொன்னான்?"

"பொண்ண ஊருக்கு அனுப்பப் போறானாம்."

"உனக்கு கேக்குதா?"

"இந்த டிவியிலயா? இதுல யாருக்குங்க கேக்கும்."

"அப்புறம் எப்படி சரியா சிரிக்கிற?"

"மத்தியானமே போன்ல பாத்துட்டேன். இயர்போன் போட்டுக்கினு."

"பாத்ததையே எதுக்கு திரும்பப் பாக்குற?"

"நீங்க தனியா ஒக்காந்து இருப்பீங்களே."

போனில் அதே காட்சியைப் போட்டு, இயர்போனை எடுத்து என் காதில் வைத்தாள். நடிகர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

பிறகு அவளே ரிமோட்டை வாங்கி டிவியின் செட்டிங்கைக் குடைந்தாள். நாலு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கிற வீட்டுக்கான சத்தம்தான் அதில் இருந்தது. எங்கள் டிவிக்கு இருப்பதோ முதுகுப்பக்கம், சுவரைப் பார்த்தபடி, இரண்டே சின்ன ஸ்பீக்கர்கள். பேச்சு எடுப்பாகக் கேட்கிற மாதிரி ஒன்று இருந்தது. அதை அழுத்தினாள். குரல் முன்னால் வந்தது.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏலத்தில் என் பழைய இடத்துக்குத் தள்ளிப்போய்த்தான் நிற்கிறேன்.

வீட்டில் இப்போது கூடுதலாக ஒன்று கேட்கிறது. நடிகர் வாயைத் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்தில் உட்கார்ந்தபடி அவள் அதே வசனத்தை மெதுவாகச் சொல்கிறாள். எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பாள். நான் டிவியின் சத்தத்தை ஏற்றுவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.