கலர் மீன் ஞாயிறு

சுற்றுச்சூழல் அறிவியல் என்ற படிப்பை நான் வெறுக்க ஆரம்பித்தது மூன்றாம் வகுப்பில். அதைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெரியம்மா மகள், இரண்டு மாதப் பயிற்சிக்காக வடக்குப்பட்டில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். அன்றைக்கே அம்மா மீன் குழம்பில் அவளுக்கு நடுத்துண்டு போட்டாள். எனக்கு வால் வந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் காலை அப்பாவின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டில் ஆபரேட்டர். அக்காவுக்குப் பயிற்சியும் அங்கேதான். ஷிப்டு, ஓ.டி. என்று வீட்டுக்குத் தூங்க மட்டும் வருகிற அப்பாவிடம் எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். சுத்தம் செய்த தண்ணீரைக் கடைசியில் ஒரு தொட்டியில் விட்டு அதில் கலர் மீன் வளர்த்தார்கள். வருகிற ஆபீசர்கள் மீனைப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர்தான் என்று திருப்தியாகப் போவார்களாம். அந்த மீனை வாங்குவது அப்பாவின் வேலை. சுங்குவார்சத்திரம் கடையில் நான் விரல் நீட்டுகிற மீன்தான் பைக்குள் விழும். காற்றடைத்த அந்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வருவேன்.

முன்னே வாங்கினதெல்லாம் எங்கே என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுங்க பெருசாயிடுச்சு கண்ணு. ஏரில வுட்டுட்டோம்" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி. எங்கள் ஏரி முழுக்க என் மீன்தான் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

அக்கா வந்த பிறகு அப்பா வாய் திறந்தார். சாப்பிடும்போது இருவரும் மோட்டார், சேறு, காற்று என்று ஓயாமல் பேசினார்கள். என் கணக்கு மார்க்கைக் கேட்க ஆளில்லை. ஒரு சனிக்கிழமை அவள் என் அடிமடியிலேயே கை வைத்தாள்.

"சித்தப்பா, நாளைக்கு மீன் வாங்காதீங்க. தொட்டி காலியாவே கெடக்கட்டும். மேனேஜர் கண்ணால பாக்கட்டும்."

"உனுக்கு இன்னாம்மா, படிச்சு முடிச்சிட்டுப் பூடுவ. எனுக்கில்ல வேல பூடும்?"

"நானும் கூட வந்து பேசறேன். என் ரிப்போர்ட்ல என்னால பொய் எழுத முடியாது சித்தப்பா."

மீனுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? இவள் என் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்குகிறாள், அது மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் பைக் கிளம்பவில்லை. நான் நல்ல கவுன் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுதேன்.

"ஒரு நாளு மீனு வாங்காட்டி இன்னாடி, குடியா முழுவிப் போச்சு?" என்று அம்மா அதட்டினாள்.

திங்கட்கிழமை அப்பா சாமி கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். சாதாரணமாக அவர் விபூதி டப்பா பக்கமே போகமாட்டார். சாயங்காலம் இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வாரமே, தண்ணீருக்குள் காற்று ஊதுகிற மோட்டார் புதிதாக வந்துவிட்டதாம். அப்புறம் ஒரே ஒரு முறை மீன் வாங்கினார்கள், ஷிப்டு முடிந்து வருகிற வழியில், அவர்கள் இரண்டு பேருமாக. அடிப்பாவி! விரல் நீட்டியதும் அவளாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு வந்தும் அப்பா கடைப்பக்கம் போகவில்லை. அக்கா ஊருக்குக் கிளம்புகிற அன்று சாப்பாட்டில் நான் வெடித்தேன்.

"எல்லாம் இவளாலதாம்பா. இவ வந்ததுலேர்ந்து ஒரு மீனு கூட பெருசாவ மாட்டேங்குது!"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஆமாண்டி, ஒண்ணு கூடப் பெருசாவல" என்று அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். தோற்றுப்போய்தான் அழுகிறாள் என்று எனக்குப் பரம திருப்தி. அவள் தட்டிலிருந்த நடுத்துண்டும் என் தட்டுக்கு வந்தது.

மீன் சாகவில்லை என்பதற்காக இரண்டு பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? ஏரிக்கரைப் பக்கம் போகும்போதெல்லாம், அப்பா விட்ட என் மீன் எங்கேயாவது தலை தூக்குகிறதா என்று வெகுநாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.