ஒரு குறையும் இல்லாத மனுதாரர்

மனு போடுவது ஒரு முழுநேரத் தொழில். ஷிப்ட் உண்டு, ஓ.டி. உண்டு, சம்பளம்தான் கிடையாது. இரண்டு வருடமாக நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதற்கு முன்பு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். நல்ல பீஸையும் சந்தேகப்பட்டுப் புரட்டிப் பார்க்கத்தான் அங்கே சம்பளம். வேலை போய்விட்டது, அந்தக் குணம் மட்டும் போகவில்லை.

புதிதாக வந்த பிரஸ் மெஷின் சத்தத்தில், ஓடுகிற லைனிலேயே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு முறை இல்லை, நாலு முறை. ஆட்டிசம், கூடவே கடுமையான பதற்றம் என்றார் டாக்டர். அது தெரிய எனக்கு இருபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. இப்போது படப்பையில் ஒரு லைன் வீட்டில் நானும் அம்மாவும். கம்பெனி கேன்டீனில் அம்மா இரண்டு ஷிப்ட் பாத்திரம் தேய்க்கிறாள், முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. எனக்கு மாத உதவித்தொகை வந்தால் அவள் ஒரு ஷிப்டை விடலாம். அதற்குத்தான் இத்தனை அலைச்சல். ஏதாவது ஒரு கவுன்டரில் நின்று வெந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

யாருக்கு?

இ-சேவை மையத்து அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் என் காலைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்ததில் அவருக்கு ஏமாற்றம். "யாருக்கும்மா, கொயந்தைக்கா?" என்றார். எனக்குத்தான் என்று கீபோர்டைப் பார்த்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. கீழே பார்த்துப் பேசுகிறவள் பொய்தான் சொல்வாள் என்று அவர் அப்போதே முடிவு கட்டியிருக்க வேண்டும். என் ஆதார் கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாக்க நல்லாத்தானே கீறீங்க, எவனாவது புரோக்கர் சொல்லிக் குடுத்தானா?"

நடிப்புப் பயிற்சி

அம்மாவோடு தேதி வாங்கப் போனபோது, அவர் சொன்ன புரோக்கர் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உண்மையாகவே இருந்தார், அக்குளில் ஃபைலோடு. கேட்காமலே யோசனை சொன்னார்: கேள்வி கேட்டால் பதில் பேசாதே, விட்டத்தைப் பார், வாயைக் கொஞ்சம் கோணிக்கொள்.

பேசுகிறவர்களின் புருவத்தைப் பார்த்தால் கண்ணைப் பார்ப்பதுபோலத் தெரியும் என்று பள்ளிக்கூடத்திலேயே கண்டுபிடித்தவள் நான். நாலு பேர் சிரித்தால், ஏன் என்று தெரியாவிட்டாலும் சிரிப்பேன். ஒன்றும் இல்லாதவள் மாதிரி இருபத்தெட்டு வருடம் நடித்தாயிற்று. இப்போது நான் என்னவாக இருக்கிறேனோ, அதை நடிக்க எனக்கு ஒரு வாத்தியார்! வந்த கோபத்தில் அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உள்ளதச் சொன்னா எவம்மா நம்புறான்? நடிச்சாத்தான் நம்புவாங்க."

வந்தாலும் குற்றம்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போக வேண்டும். இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் பஸ் ஸ்டாப்வரை போய், மூச்சு முட்டித் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பஸ் ஜன்னலில் எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணிக்கொண்டே தனியாகப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் கையில் இருந்த தாள் சின்னப் பிள்ளைகளுக்காகத் தயாரித்தது. "மற்ற குழந்தைகளோடு விளையாடுமா?" என்று படித்துவிட்டு அவரே சங்கடப்பட்டார். ஊஞ்சல் பிடிக்குமா என்றார். பிடிக்கும் என்றேன், அது உண்மை. அவர் எழுதுவதைத் தலைகீழாகப் படித்தேன். 'தனியாகப் பேருந்தில் வந்தார்.' திரும்பிப் போன இரண்டு நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில் கையெழுத்துப் போட்டார், மனசு வந்து இல்லை.

"ரெண்டு தடவை வரலைன்னா சரியான கேஸ்தான், மூணாவது தடவை வந்தீங்க பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது."

விசாரணை

சான்றிதழ் மட்டும் போதாதாம். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரித்து எழுத வேண்டும். வந்தார், அம்மா ஷிப்டில் இருந்த நேரமாகப் பார்த்து. தெரியாத ஆள் கதவைத் தட்டினால் எனக்குக் கால் நகராது. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அவர் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் போய், "இந்த வூட்டுப் பொண்ணு எப்படிம்மா?" என்றார்.

வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், இப்படி ஒரு கேள்வி. எங்கள் தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: மாப்பிள்ளை வீட்டிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறார்கள். செல்வி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "தங்கமான பொண்ணு சார். யாரையும் ஏறெடுத்துப் பாக்காது. அநாவசியமா ஒரு வார்த்த பேசாது. வூட்ட வுட்டு வெளிய வராது." டாக்டர் எழுதிய நோயெல்லாம் ஒவ்வொன்றாக நற்குணமாகிக்கொண்டிருந்தது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. வி.ஏ.ஓ. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பைக்கை உதைத்தார். கிளம்பிய பைக்குக்குப் பின்னால் அக்கா கத்தினார்.

"ஒரு கொறையும் கெடையாது சார், கண்ண மூடிக்கினு கட்டிக்கலாம்!"

மறு விசாரணை

மனு தள்ளுபடி. 'அக்கம்பக்க விசாரணையில் மனுதாரருக்குக் குறைபாடு ஏதும் இல்லை எனத் தெரியவருகிறது.' அம்மா அதைப் படித்துவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறு விசாரணை கேட்டு எழுதிப்போட்டோம். உள்ளதைச் சொல்லும்படி செல்வி அக்காவிடம் அம்மா போய்க் கேட்டாள். "கல்யாணம் ஆவாத பொண்ணப் பத்தி என் வாயாலயா?" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாராம். அக்கா மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அடிக்கடி எங்கள் ஜன்னலை எட்டிப் பார்க்கிறவர். வம்புக்கு அலைகிறவர் என்றே நினைத்திருந்தேன்.

வி.ஏ.ஓ. மறுபடி வந்தார். இந்த முறை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். "போன தபா கொறையே இல்லன்னீங்க?" என்று செல்வி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டு, கூட்டுக் களவாணிகளைப் பார்ப்பதுபோல எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குக்கர் விசில் அடிச்சா இது கட்டிலுக்கு அடியில பூந்துக்கும் சார், அழுவுறது செவுரு தாண்டிக் கேக்கும், அதான் ஒரு வருசமா நான் சோத்த வடிச்சே ஆக்கிக்கினு கீறேன், இதுக்கிட்ட சொல்லல."

உத்தரவு இன்னும் வரவில்லை, வரும் என்று சொன்ன வி.ஏ.ஓ.வையும் நான் நம்பவில்லை. ஆனால் கண்ணில் பட்ட எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், பக்கத்து வீட்டு குக்கர் ஏன் ஒரு வருடமாக வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.