அரிசிச் சாக்கு அடைத்த கார்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர்கள் கையில் தூக்க முடியாததையெல்லாம் விற்றுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு தோட்டத் துரை விற்ற பழைய காரை என் அத்தான் வாங்கினார். காஜா பெராங் பேட்டையில் அவருக்கு மளிகைக்கடை. நான் அங்கே சாமான் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறவன். கார் வந்தபின் அத்தான் நடையே மாறிப்போனது. துரைமார் இடங்கள் காலியாகின்றன, அதில் ஒன்றையாவது நிரப்புவது தம் கடமை என்று நினைத்தாரோ என்னவோ.

கார்தான் ஒத்துழைக்கவில்லை. அது கிளம்பினால் தெருக்கோடியில் தூங்கும் பிள்ளை அழும். அத்தான் துரைபோலக் கை அசைத்தால், மீன்காரன் லோரிக்கு வழி விடுவதுபோல் ஜனங்கள் ஒதுங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு வரன் வந்தது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார் என்றார்கள். எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் நான் தரையைப் பார்த்துவிட்டு வந்தவன். "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் இனிமே அலைய மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்கும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

"மலையில குளுரும் தம்பி" என்றார் அத்தான். "நடுங்கிக்கிட்டு, டமடமன்னு போயி எறங்கினா யாரு பொண்ணு குடுப்பா? உள்ள சத்தமும் வரக் கூடாது, குளுரும் வரக் கூடாது."

கதவுகளின் உள்பலகையைக் கழற்றி இலவம் பஞ்சை அடைத்தார். தரையில் சாக்கை இரண்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை ஒட்டினார். கூரையிலும் சாக்கு. பஞ்சு கீழே இறங்காமல் இருக்க நான் சாக்கைப் பை பையாகத் தைத்துக் கொடுத்தேன். கடையில் காலிச் சாக்குக்குப் பஞ்சமில்லை. எல்லாம் அரிசிச் சாக்கு. உச்சி வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட நாங்கள் குளிரோடு போராடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "என்னாண்ணே, காருக்குக் காய்ச்சலா? கம்பளி போத்துறீங்க?" என்றார்.

"தொரைமாரு காரு எல்லாம் இப்படித்தான்லா" என்றார் அத்தான்.

விடியுமுன் கிளம்பினோம். உண்மையிலேயே சத்தம் குறைந்திருந்தது. அதனால் அக்கா சொன்னதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்து உட்காரு, கேட்டதற்குப் பதில் சொல்லு, நகத்தைக் கடிக்காதே. பழைய இரைச்சல் இருந்திருந்தால் அதில் பாதியிலிருந்தாவது தப்பித்திருப்பேன். வெயில் ஏறியதும் ரப்பர் நாற ஆரம்பித்தது. கண்ணாடியை இறக்கலாமா என்று கேட்டேன். "எறக்கினா சத்தம் வரும்" என்றார் அத்தான். மலையடிவாரத்துத் தாப்பா வருவதற்குள் எங்கள் பட்டும் சட்டையும் உடம்போடு ஒட்டிவிட்டன.

மலை ஏறும் இடத்தில் போலீஸ் தடுப்பு. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அப்போதெல்லாம் வண்டிகளைச் சோதிப்பார்கள். அந்தப் பக்கம் அரிசி கொண்டுபோவது பெரிய குற்றம். மலாய்க் காவலர் ஒருவர் கதவைத் தட்டிப் பார்த்தார். தகரம் 'டங்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தொம்' என்றது. இன்னொரு கதவு. அதுவும் 'தொம்'. உள்ளே என்ன என்று கேட்டார்.

"குளிருக்கு" என்றார் அத்தான், மலாயில்.

நெற்றி வியர்வையை அவர் துடைத்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்க வேண்டாம். காவலர் பலகையைக் கழற்றிச் சாக்கைக் கத்தியால் கிழித்தார். பஞ்சு பறந்தது. ஈரமாக இருந்த எங்கள் மூவர்மேலும் வந்து ஒட்டியது. காவலர் சாக்கை உதறினார். தையலோரத்தில் தங்கியிருந்த அரிசி கொஞ்சம் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இனி பெராஸ்" என்றார். இது அரிசி என்று அர்த்தம்.

மற்ற கதவுகளையும் கூரையையும் கிழித்தார்கள். பெண் பார்க்கப் போகிறோம் என்று அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. கடைசியில் தோட்டத்துக்குப் போன் போட்டார்கள். நல்ல நேரம் போலீஸ் பெஞ்சியிலேயே கழிந்தது. பிறகு கிராணி தோட்டத்து லோரியில் இறங்கி வந்தார். பஞ்சு அப்பியிருந்த எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"இதுல மாப்பிள்ளை யாருங்க?"

நான் எழுந்து நின்றேன்.

"இந்தச் சாக்கத் தச்சது யாரு?"

"நான்தாங்க."

"வேணாம்னு சொல்லலியா?"

"அத்தான் சொன்னாரு..."

அவர் போலீசாரிடம் எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு லோரியில் ஏறிக்கொண்டார். ஓட்டையும் கிழிசலுமாக இருந்த காரில், சத்தமும் குளிரும் எல்லாப் பக்கமும் நுழைய, பின்னால் போனோம். அக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

கிராணி வீட்டில் காப்பி வந்தது. பெண்ணை நான் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். பிறகு சமையலறையில் கிராணி மகளிடம் தணிந்த குரலில் பேசினார். "நல்ல மனுசனாத்தான் தெரியுது. ஆனா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியல. காரு பூரா சாக்கு அடைக்கச் சொன்னா, உக்காந்து தச்சுக் குடுத்திருக்காரு."

பெண் குரலைத் தணிக்கவே இல்லை. "வேணாம்னே சொல்ல மாட்டாராப்பா?"

"மாட்டாரு போல."

"அப்ப சரின்னு சொல்லிடுங்க."

தை மாதம் கல்யாணம். இன்றுவரை என்னிடம் யோசனை கேட்டுத்தான் அவள் எதையும் செய்கிறாள். நானும் சரி என்றுதான் சொல்கிறேன்.