தூசிக்கு ஒரு படம்

லோரன்ஸ் மாத்தளைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். தோட்டத் தொழிலாளரின் லய வரிசை வீடொன்றில் பிறந்து, சொந்தக் கெட்டித்தனத்தில் அந்த இருட்டறைக்கு வந்து சேர்ந்தவர். மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்பதைத் தமிழ், சிங்களம் இரண்டு பாஷையிலும் சொல்வார். அதற்கு மேல் ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம்.

இத்தாலிக்குப் போன தம்பி சிறில் 2005இல் ஒரு தொலைநோக்கியும் கமராவும் அனுப்பிவைத்தான். யுத்தம் எப்போது மூளும் என்றிருந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழன் மொட்டை மாடியில் குழாயை நிமிர்த்தி வைத்தால் என்ன நடக்கும் என்பது அவனுக்கு அங்கே போய் மறந்துவிட்டது போலும். மூன்றாம் நாளே பொலிஸ் வந்தது. பங்குத் தந்தையின் கடிதமும், வந்த பொலிஸ் சார்ஜன்ட் தானே கண்ணை வைத்துச் சந்திரனைப் பார்த்ததும் சேர்ந்து காரியத்தை அடக்கின.

இரவில் நட்சத்திரங்களைப் படம் பிடிப்பதைவிட அவர் மினக்கெட்டது அதற்குப் பிறகு எடுக்கும் வெறும் படங்களில்தான். விடிந்ததும், கமராவைக் கழற்றாமல், குவியத்தைத் தொடாமல், குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, வெளிறிய வானத்தை நோக்கி முப்பது படம் எடுப்பார். துணியில் ஒரு மடிப்பும் இருக்கக் கூடாது. இஸ்திரி போடுவது மனைவி மார்ஜரி. ஒன்றுமில்லாததை எதற்கு இத்தனை தடவை எடுக்க வேண்டும் என்று அவள் கேட்காத நாளில்லை. கமராவுக்குள் தூசி ஒட்டினால் வானத்தில் புள்ளி விழும், வெறும் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி விழும், இரண்டையும் கம்பியூட்டரில் போட்டு வகுத்தால் தூசி போய், மெய்யாக அங்கே இருப்பது மட்டும் மிஞ்சும் என்று அவர் விளக்குவார். ஆனால் வெளிச்சம் பாதி அளவில் நிற்க வேண்டும். கூடினால் எல்லாம் வெளுத்துத் தூசியே தெரியாது. குறைந்தால் படம் முழுக்க மணல் தூவிய மாதிரி ஆகிவிடும்.

2007 ஓகஸ்டில் மார்ஜரிக்கு இருமல் விடவில்லை. டொக்டர் துண்டு எழுதிக் கொடுக்க, லோரன்ஸே படம் எடுத்தார். வலது நுரையீரலின் மேல்பக்கம் மிளகளவு வெள்ளைப் புள்ளி. அவர் பதறவில்லை. பிலிம் வைக்கும் தட்டைப் பெட்டிக்குள் தூசி விழுந்தாலும் இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும், அந்த நாலாம் நம்பர் பெட்டியோ பழசு. தூசிதான் என்று மார்ஜரியிடம் சொன்னார். பிலிம் பழுது, பிறகு எடுக்கிறேன் என்று டொக்டரிடம் சொல்லிப் படத்தை மேசை லாச்சிக்குள் போட்டார். டொக்டரும் தம்புள்ளைக்கு மாறிப் போனார். வேறொருவர் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார். ஊரில் தூசியை இவ்வளவு நம்பிய ஆள் இவர் ஒருவர்தான்.

ஒக்டோபரில் மார்ஜரியின் கைக்குட்டையில் இரத்தம் வந்தது. மறுநாள் மத்தியானம் அவளைக் கூட்டிவந்து வெளியே இருந்த வாங்குப் பலகையில் இருத்தினார். வேறு பெட்டியில் அவளை இன்னொரு படம் எடுத்தால் அலுவல் முடிந்தது. நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் அது தெரியும். லோரன்ஸால் முடியவில்லை. அந்தப் படத்தில் அவள் இருப்பாள். ஆள் இல்லாத படத்தைப் பார்க்கத்தான் அவருக்குத் துணிவு இருந்தது. ஆகவே நாலாம் நம்பர் பெட்டியில் புது பிலிம் போட்டு, வெறும் மேசைமேல் வைத்து எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்.

கழுவி எடுத்தால் முழுக் கறுப்பு. இத்தனை வருஷத்தில் அவர் கை இப்படி அளவு தப்பியதில்லை. அந்தக் கறுப்பில் தூசி இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம், போக ஆசையாகவும் இருந்தது. ஆனாலும் அளவை நன்றாகக் குறைத்து இன்னொன்று எடுத்தார்.

இரண்டாவது சரியாக விழுந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சாம்பல் நிறம். மூலையில் தலைமயிர் அளவு கீறல் ஒன்று கூடத் தெளிவாகத் தெரிந்தது. புள்ளி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெளிச்சப் பெட்டியில் மாட்டித் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். நாலாம் நம்பர் பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது.

அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான், அளவு நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தி. அடுத்த வருஷம் மார்ஜரியை அடக்கம் செய்த பிறகும் அவரை விடாமல் குடைந்தது அந்தத் திருப்திதான்.

லாச்சியில் கிடந்த படத்தை எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்ததும் மார்ஜரி வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள்.

"தூசிதானாங்க?"

"இல்ல."

அவள் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினாள்.

"எனக்கு அப்பவே தெரியுங்க. நீங்க தூசின்னு சொன்னது கேக்க நல்லா இருந்திச்சு. அதான் பேசாம இருந்துட்டேன்."

லோரன்ஸ் புது டொக்டரின் அறை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோய் நின்றார். அவள்தான் எழுந்து, அவர் கையிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து முன்னால் நடந்தாள்.