காந்தா எழுதிய கடைசிப் பரீட்சை

பாவு பிணைப்பதில் எங்கள் எதிர்வீட்டுக் காந்தாவை அடித்துக்கொள்ள அந்த நாளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆள் கிடையாது. தறிக்குப் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல், வந்தால், பழைய இழையின் முனையோடு புது இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிவிடுவாள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூடத் தப்பாது. அப்பேர்ப்பட்டவளை இங்கிலீஷ் இரண்டு தடவை குப்புறத் தள்ளியிருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். இதுவும் தேறினால் மாகறல் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை நிச்சயம். ஆனால் வேலைக்கான வயது வரம்பு அந்த 1971-ஆம் வருஷத்தோடு முடிகிறது. அக்டோபர் பரீட்சையைக் கோட்டைவிட்டால் அப்புறம் இந்த ஜென்மத்துக்குக் கிடையாது.

அவளுக்குச் சனியனாக வந்து வாய்த்தது ‘ஹேட்’ (had) என்கிற சொல். நடந்து முடிந்த எதைச் சொன்னாலும் அதைப் போட்டுவிடுவாள். “ஐ ஹேட் ஈட்டன், ஐ ஹேட் ஸ்லெப்ட்” என்று பக்கம் பக்கமாக எழுதுவாள். டியூட்டோரியல் மேரி டீச்சர் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையால் அடிப்பார்.

“முடிஞ்சது முடிஞ்சதுதானேக்கா? அதுல என்னா ரெண்டு தினுசு?” என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். நான் எட்டாவதோடு நின்றவள். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் பிணைத்துக்கொண்டிருந்தவள், சாம்பல் கையோடு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

“அக்கா, புரிஞ்சிடுச்சு. பாவு பிணைச்சேன், தறிக்காரரு நெய்தாரு, சேலையை அறுத்தாருன்னு வரிசையா சொல்லிக்கினே போனா ஹேட்டே வேணாம். ‘அவரு தறியில குந்தினாரு’ன்னு சொல்லிட்டு, ‘அதுக்கு முன்னாடியே நான் பிணைச்சு முடிச்சிருந்தேன்’னு பின்னால திரும்பிப் போறேன் பாரு, அந்தப் பிணைச்சதுக்குத்தான் ஹேட்.”

எனக்கே புரிந்துவிட்டதென்றால் பாருங்கள். அன்று முழுக்க, தெருவில் யார் எதைச் சொன்னாலும் “இதுக்கு ஹேட் வருமா?” என்று கேட்டு உயிரை வாங்கினாள். அந்தச் சந்தோஷம் எங்களையும் தொற்றிக்கொண்டது. மூன்றாம் வீட்டுக் கோதண்டபாணிகூட, காபி குடித்தாயா என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

பரீட்சை நாளும் வந்தது. விடியற்காலையில் தூறல். அது விட்டபிறகு, எட்டரை மணிக்குத்தான் தெரு நெடுக எங்கள் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டோம். அந்த நேரம் பார்த்து யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ கயிற்றை அறுத்துக்கொண்டு பாவுக்குள் பாய்ந்துவிட்டது. நூறு இழைகளுக்குமேல் போயிற்று. கஞ்சி காய்வதற்குள் பிணைக்காவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தப் பாவும் சிக்காகிவிடும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகக் காந்தா வெளியே வந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள்.

“நீ போம்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்றேன்.

அறுந்த இழைகளைப் பார்த்தாள். ஹால் டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல்கள் பறந்தன. மணி ஒன்பதரை, ஒன்பதே முக்கால், பத்து. கடைசி இழையை முறுக்கிவிட்டு எழுந்தபோது பத்தே பத்து. என் வீட்டுக்காரர் முருகேசன் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். நடக்கவே சோம்பல்படுகிற மனிதர் அவர். பத்து இருபத்தைந்துக்கு உள்ளே விட்டார்களாம்.

மத்தியானம் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தாள்.

“இன்னைக்குக் காலையில நடந்ததைப் பத்தி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தான்க்கா. கன்னுக்குட்டியிலேருந்து எல்லாத்தையும் எழுதிட்டேன்.”

“ஹேட் போட்டியா?”

“ஒரே ஒரு எடத்துல.” கொஞ்சம் தயங்கினாள். “நீ என்னைப் போகச் சொன்னே. அதுக்கு முன்னாடியே சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கினு வந்து என் காலாண்ட வெச்சிருந்தே. அதுக்கு.”

என் முகம் செத்துப்போயிற்று. அவள் எழுதியது அத்தனையும் உண்மை. அவள் வெளியே வந்ததைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தவள் நான்தான். வாயால் வழியனுப்பியதெல்லாம் அதற்கப்புறம்.

பேப்பரில் ரிசல்ட் வந்த அன்று அவள் நம்பரை முதலில் கண்டுபிடித்தது நான். தெருவெல்லாம் கேட்கக் கத்தினேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாகறலுக்கு அவள் முதல் நாள் வேலைக்குப் புறப்பட்டபோதுதான் கேட்க எனக்குத் தைரியம் வந்தது.

“அன்னைக்குப் பரீட்சை ஹால் கதவைச் சாத்தியிருந்தா என்னாம்மா பண்ணியிருப்பே?”

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “காலத்துக்கும் உன்னைத் திட்டிக்கினே உன் பாவைப் பிணைச்சிக்கினு இருந்திருப்பேன்க்கா.”