கீச்சொலியை விரட்டிய ஸ்டெல்லா மேடம்

ஆரோக்கியசாமி அண்ணன் தொலைபேசியில் பேசுகிறவர் அல்லர். சுரங்கத்து இயந்திரங்களின் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அன்று காலை அவரே அழைத்தார். "ஸ்டெல்லா போயிட்டா சார். நெஞ்சு வலின்னா, அவ்ளோதான்." சட்டையை மாட்டிக்கொண்டு குடியிருப்பில் அவர்கள் இருந்த பிளாக்குக்கு ஓடினேன்.

அனல்மின் நிலையத்தின் கருவிகள் பராமரிப்புப் பிரிவில் ஸ்டெல்லா மேடத்தோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய கோபம் தெரியும். ஓய்வுக்குப் பின் சாப்பாட்டு மேசையில் அவர் செய்த வேலை பலருக்குத் தெரியாது. கணவர் ஆரோக்கியசாமி அண்ணனுக்காகச் சட்டைப்பையில் வைக்கும் கேட்புக் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கடையில் வாங்கியது காதில் அரிக்கிறது என்று அண்ணன் மூலையில் போட்டுவிட்டார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்; பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. "ஒரே வூட்ல இருந்துகினு ஊமைப்படம் ஓட்டிக்கினு இருக்கோம் சார்" என்றார் மேடம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கருவிக்கான முதல் சர்க்யூட் போர்டை இணைத்ததும் அண்ணன் இயர்போனைப் பிடுங்கிப் போட்டார். "கீச்சு கீச்சுனு கத்திக்கினே இருக்குது!" டிஜிட்டல் சிப்பின் இரைச்சல் மைக்கின் மெல்லிய ஒலியில் கலந்திருந்தது. போர்டில் சிப்புக்கு ஒரு கிரவுண்ட், ஒலிப் பகுதிக்கு ஒரு கிரவுண்ட் என்று அடியில் இரண்டு செம்புத் தளங்கள். நடுவே செம்பை வெட்டி ஓர் இடைவெளி. ஒரே ஓரத்தில் இணைப்பு. பிளான்ட்டில் கருவிகளுக்குத் தனி எர்த் குழி தோண்டியே பழகிய கை, உள்ளங்கை அளவு போர்டிலும் அதையே செய்திருந்தது. எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. நானும் அதே பிரிவுதானே!

இடைவெளியை அகலமாக்கினார், இரைச்சல் கூடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்மேல் எரிந்து விழுந்தார். ஒரு நாள், சிப்பிலிருந்து கரண்ட் போகும் தடம் அந்த இடைவெளியைத் தாண்டும் இடத்தில், அடியில் ஒரு செம்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்தார். கீச்சொலி சட்டென்று குறைந்தது. மேடம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "போன கரண்ட் திரும்பி வர வழி வேணும் சார். ரோட்டை வெட்டிப் போட்டுட்டு, ஏன் ஊரைச் சுத்திக்கினு வரன்னு அதைத் திட்டிக்கினு இருந்தேன்."

அடுத்த போர்டில் கிரவுண்ட் முழுவதும் வெட்டில்லாத ஒரே செம்பு. சிப்பும் அதன் வேகமான தடங்களும் ஒரு பக்கம். மைக்கும் ஒலிப் பகுதியும் எதிர்ப் பக்கம். "சுவரு வேணாம். மைன்ஸ் பஸ் ஒரு ரோட்ல, ஸ்கூல் பஸ் ஒரு ரோட்ல போனா போதும்" என்றார்.

அதை மாட்டிய மாலையில் மேடம் அடுக்களையிலிருந்து, "காப்பி வேணுமா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். "சர்க்கரை கம்மியா" என்றார் அண்ணன். காப்பியோடு மேடம் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. கண்கள் சிவந்திருந்தன.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு மறுபடி போனேன். கருவி அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. "எல்லா இரைச்சலையும் எடுத்துட்டா சார். இப்ப ஆன் பண்ணா வூட்ல ஒண்ணுமே கேக்கல" என்றார். நான் அழுதுவிட்டேன். ஆறுதல் சொல்லத் தெரியாமல், மேடம் ஆபீசில் யார் யாரை எப்படித் திட்டினார் என்று சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் இயர்போனைச் சரிசெய்துகொண்டார்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலைதான்: மாலையில் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பது. நான் நிறுத்தினால் அண்ணன் விடுவதில்லை. "அப்புறம் சார்?" என்கிறார்.